எட்டாவது வரி

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் காலண்டர். அதில் மரியாதை கொஞ்சம், கேலி நிறைய. மாலை ஐந்து மணியானால் பக்கம் அமைக்கும் லேஅவுட்காரர் தன் மேஜையிலிருந்தே, "காலண்டர் கிழிஞ்சாச்சா?" என்று குரல் கொடுப்பார். மறுநாளைக்கான பெட்டி தயாரா என்று அதற்கு அர்த்தம். கிழிஞ்சாச்சு என்று இவரும் பதில் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். இருபத்திரண்டு வருடங்களாக இதுதான் நடந்தது.

பெட்டி என்பது மூன்றாம் பக்கத்து இடது மூலையில் வருவது. மேல் பாதியில் 'இதே நாளில்': என்றோ ஒருநாள் பாலம் திறந்தார்கள், கப்பல் மூழ்கியது, யாரோ பிறந்தார், யாரோ போய்ச் சேர்ந்தார். கீழ்ப் பாதியில் 'படிக்க, பார்க்க, கேட்க': ஒரு புத்தகம், ஒரு படம், வானொலியில் ஒரு நிகழ்ச்சி. மேலே எட்டு வரி, கீழே மூன்று வரி. எட்டு என்றால் எட்டுதான். ஒன்பது ஆனால் பக்கத்து விளம்பரத்தின் தலையில் இடிக்கும். ஏழு ஆனால் வெள்ளையாக ஒரு பட்டை விழும். வெள்ளை விழுந்தால் லேஅவுட்காரருக்குச் சாமி வந்துவிடும்.

கீழ்ப் பாதியைப் பற்றி நிறையச் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஒரு புத்தகத்தைப் பற்றி ஒரு வரி எழுத அதன் பின்னட்டை போதும் என்பதைக் காலண்டர் வெகு சீக்கிரம் கண்டுகொண்டார். படத்துக்கு போஸ்டர் போதும். வானொலிக்கு நிகழ்ச்சி நிரல் போதும். "மனதை உருக்கும் குரல் என்று போட்டிருக்கீங்களே, நீங்க கேட்டீங்களா?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. கேள்வி கேட்டே பழகியவள். "கேட்ட மாதிரிதான்" என்றார். அவளும் சிரித்தாள். சின்னச் சின்னப் பொய்கள் வீட்டுக்குள் இப்படித்தான் சிரிப்போடு நுழைகின்றன.

மேல் பாதி அப்படியில்லை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அதற்கென்று ஒரு மர டிராயர் இருந்தது. வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அட்டை. முதல் வருடம் முக்கி முனகி எழுதியவை. அடுத்த வருடத்திலிருந்து வேலை சுலபமாகிவிட்டது: அன்றைய அட்டையை எடுக்க வேண்டியது, 'பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்' என்பதைப் 'பத்தொன்பது' என்று மாற்ற வேண்டியது, கொடுத்துவிட வேண்டியது. சரிபார்க்க என்ன இருக்கிறது? போன வருடம் நம் பத்திரிகையிலேயே வந்ததுதானே? அவர் தன்னையே சாட்சிக்குக் கூப்பிட்டு, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அப்பீலுக்குப் போகவில்லை.

அந்த வருடம் நினைவுக் குழுச் செயலாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாற்பது வருடங்களுக்கு முன் ஊர் நடுவில் இருந்த தியேட்டர் தீப்பிடித்துப் பத்தொன்பது பேர் செத்துப்போனார்கள். அந்த இடத்தில் இப்போது வண்டிகளை நிறுத்துகிறார்கள். நாற்பதாம் வருட நினைவு நாளில் அங்கே ஒரு கல் நாட்டப்போகிறோம், உங்கள் பெட்டியில் வருடாவருடம் வரும் அந்த எட்டு வரிகளையே கல்லில் வெட்ட அனுமதி வேண்டும் என்று செயலாளர் எழுதியிருந்தார்.

காலண்டருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையில் பழைய பேப்பர்காரர் கையில் போய்ச் சேருகிற எழுத்தை எழுதியே காலம் தள்ளியவர் அவர். பெட்டியில் அவர் பெயர்கூட வந்ததில்லை. கல்லில் எழுத்து என்றால் சும்மாவா? அட்டையை எடுத்து அன்றே நகல் அனுப்பினார். ஆசிரியரும் மகிழ்ந்துபோய், "அரைப் பக்கம் தர்றேன், அந்தத் தீயைப் பத்தி விரிவா எழுதுங்க. நாற்பது வருஷம்னா சும்மாவா!" என்றார்.

அரைப் பக்கத்துக்கு எட்டு வரி போதாது. அதனால்தான், நினைவு நாளுக்கு ஆறு நாள் முன்னதாக, அவர் நூலகத்தில் அந்த வருடத்துப் பத்திரிகைத் தொகுதியைக் கேட்டார். மனசாட்சி உறுத்தியெல்லாம் கேட்கவில்லை.

நூலகத்துக்கு அவர் புதியவர் இல்லை. தினமும் பதினொரு மணிக்கு வருவார். ஜன்னல் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து, வார இதழ்களின் குறுக்கெழுத்தைப் பென்சிலால் நிரப்புவார். நூலகச் சொத்தில் எழுதக்கூடாது என்று தலைக்கு மேலேயே பலகை இருக்கும். அவர் போனபிறகு நூலகர் வந்து ரப்பரால் அழித்துவிட்டுப் போவாள். ஐம்பதை நெருங்கும் அமைதியான பெண். வணக்கம் சார், வாங்க சார், அதற்கு மேல் பேச்சில்லை. நல்ல மாதிரி என்று அவளைப் பற்றி அவர் நினைத்திருந்தார். அதற்கு மேல் நினைத்ததில்லை.

வருடத்தைச் சொன்னார். வழக்கமாகச் சீட்டு எழுதி, மாடிக்குப் போய், தூசியோடு திரும்பி வருவாள். அன்று அவள் எங்கும் போகவில்லை. குனிந்து, தன் மேஜைக்குக் கீழிருந்து தடித்த தொகுதி ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"மாடியில இல்லையா இது?"

"இங்கதான் இருக்கு சார்" என்றாள்.

அவர் ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார். தொகுதி தானாகவே ஓர் இடத்தில் திறந்துகொண்டது. நடுவில் அடையாளத்துக்கு ஒரு தபால் அட்டை. அந்தக் கையெழுத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று முதலில் தோன்றியது. பிறகுதான் அது தன் கையெழுத்து என்று புரிந்தது.

'தங்கள் கடிதம் கிடைத்தது. இப்பகுதியில் வெளியாகும் குறிப்புகள் அனைத்தும் தக்க ஆதாரங்களுடன் சரிபார்க்கப்பட்டவை. தொடர்ந்து வாசித்து மகிழுங்கள்.' கீழே ஒய்யாரமாக ஒரு கையொப்பம். இருபத்தொரு வருடத்துக்கு முந்தைய தேதி. குறை சொல்லி வரும் கடிதங்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலை வைத்திருந்தார். எந்தக் கடிதத்துக்கு இது பதில், அதில் என்ன எழுதியிருந்தது, ஒன்றும் நினைவில்லை. படித்தாரா என்பதே நினைவில்லை.

அட்டையை எடுத்துவிட்டு அது மறைத்திருந்த செய்தியைப் படித்தார். தீ விபத்துக்கு நாற்பது நாள் கழித்து நடந்த விசாரணை. திரைக்குப் பின்னால் இருந்த மின்சார மெயின் பெட்டியில் தீப்பிடித்ததாக மின்துறைக்காரர் சொல்லியிருந்தார். டிக்கெட் இல்லாமல் யாரும் புகுந்துவிடக் கூடாதென்று பக்கவாட்டுக் கதவைப் பூட்டி வைத்ததைத் தியேட்டர் மேனேஜர் ஒப்புக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே படம் ஓட்டும் ஆபரேட்டரின் வாக்குமூலம் இருந்தது.

'மேலே என் ரூமில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகத் திரையின் ஓரத்தில் புகை வருவதைப் பார்த்தேன். உடனே படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டேன். தீ, வெளியே போங்கள் என்று கத்தினேன். படம் அறுந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் விசில் அடித்தார்கள். ஆபரேட்டர் தூங்கிட்டான் என்று கூச்சல் போட்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் கீழே ஓடிவந்து பக்கவாட்டுக் கதவின் பூட்டை இரும்புக் கம்பியால் உடைத்தேன்.' அந்தக் கதவு வழியாகச் சுமார் முந்நூறு பேர் தப்பினார்கள் என்றும், திரும்பத் திரும்ப உள்ளே போனதில் ஆபரேட்டரின் இரண்டு கைகளும் வெந்துவிட்டன என்றும் விசாரணை அதிகாரி குறித்திருந்தார்.

காலண்டர் கல்லில் வெட்டக் கொடுத்த எட்டு வரியில் கடைசி வரி இதுதான்: 'படம் ஓடிக்கொண்டிருந்தபோது ஆபரேட்டர் தூங்கிவிட்டதே இந்தக் கோர விபத்துக்குக் காரணம்.'

அந்த வரி எப்படி வந்தது என்பது இப்போது பளிச்சென்று ஞாபகம் வந்தது. முதல் வருடம். இதே நூலகம், இதே தொகுதி. பைண்டிங்குக்குப் போயிருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் யார் வருவது? தெரிந்ததையெல்லாம் எழுதியும் ஏழு வரிதான் தேறியது. லேஅவுட்காரர் தலைமேல் நின்றுகொண்டு, "சார், ஒரு வரி! ஒரே ஒரு வரி!" என்று குதித்தார். தியேட்டர் என்றதும் சின்ன வயதில் படம் அறுந்தால் தானும் சேர்ந்து விசில் அடித்துப் போட்ட கூச்சல்தான் அவர் வாயில் வந்தது. ஆபரேட்டர் தூங்கிட்டான். அதை எழுத்து நடையில் போட்டார், 'கோர' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தார், எட்டாவது வரி கச்சிதமாக நிறைந்தது. அரை நிமிட வேலை.

தலையை நிமிர்த்தினார். நூலகர் தன் மேஜையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொகுதியையும் அட்டையையும் தூக்கிக்கொண்டு போனார்.

"இந்த அட்டை..."

"எனக்கு வந்ததுதான் சார். நான் எழுதின லெட்டருக்கு நீங்க போட்ட பதில்." அவள் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "ஆபரேட்டர் எங்க அப்பா."

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? தினமும் இங்கதானே வந்து உக்காந்திருந்தேன்?"

"சொன்னேனே சார். லெட்டர்ல சொன்னேன்." அட்டையை வாங்கித் தொகுதிக்குள் வைத்தாள். "அப்புறம் இந்த வேலை கிடைச்சு வந்தேன். நீங்க தினம் வர்றதைப் பார்த்ததும், ஒரு நாள் நீங்களே கேப்பீங்கன்னு நினைச்சேன். வருஷா வருஷம் அந்த வாரம் வந்தா இதைக் கீழ எடுத்து, துடைச்சு வெச்சிடுவேன். நீங்க வருவீங்க, குறுக்கெழுத்து போட்டுட்டுப் போயிடுவீங்க."

அவர் பலகையைப் பார்த்தார். நூலகச் சொத்தில் எழுதக்கூடாது.

"அப்பா..." என்று ஆரம்பித்துவிட்டு எப்படி முடிப்பது என்று தெரியாமல் விழித்தார்.

"இருக்கார் சார். எண்பத்திரண்டு வயசு. கண்ணு மங்கிடுச்சு. காலையில நான்தான் பேப்பர் படிச்சுக் காட்டுவேன். முதல்ல உங்க பெட்டியைத்தான் கேப்பார்."

"அந்த... அந்த நாள் அன்னிக்கும் படிப்பீங்களா?"

"படிப்பேன். ஏழு வரியோட நிறுத்திடுவேன். எட்டாவது வரி என்னம்மான்னு அவரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல." மேஜைமேல் கிடந்த ரப்பரை எடுத்து டப்பாவில் போட்டாள். "ஆனா என் பையன் கேட்டான் சார். ஏழாம் கிளாஸ் படிக்கிறப்போ பள்ளிக்கூடத்துல டீச்சர் சொன்னாங்கன்னு வந்து, தாத்தா, நீதானே அந்த ஆபரேட்டர், நீ தூங்கிட்டியான்னு நேராவே கேட்டுட்டான். அவர் கையைப் போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டார்."

காலண்டர் வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெரிந்தவர் யாரோ வணக்கம் போட்டார்கள். திரும்பி வணக்கம் போட அவருக்குக் கை எழவில்லை.

இப்போது மனிதர் நேராகப் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கத்துக்கு ஒரு குணம் உண்டு: முதலில் ஒளிய இடம் தேடும். அவர் அலுவலகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நினைவுக் குழுச் செயலாளருக்குப் போன் போட்டார்.

"சார், அந்தக் கல்லு விஷயம். எட்டு வரி கொஞ்சம் அதிகமாத் தெரியுது. கடைசி வரியை எடுத்துட்டா அழகா அமைஞ்சுடும்."

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க!" செயலாளர் பதறிப்போனார். "அந்த வரிதான் சார் கல்லுக்கே உயிர். மத்ததெல்லாம் வெறும் தேதியும் எண்ணிக்கையும். படிக்கிறவங்களுக்கு ஒரு பாடம் வேணாமா? அதுவுமில்லாம வெட்டியாச்சு சார், முந்தாநாளே."

"இல்ல, அது அவ்வளவு உறுதியான தகவலான்னு..."

"அதெல்லாம் நாங்க பார்த்துட்டோம் சார். நகரமன்றக் கையேட்டுல இருக்கு, பள்ளிக்கூட ஆண்டு மலர்ல இருக்கு, போன வருஷம் ஒருத்தர் மேடையிலயே பேசினார். எல்லாத்துலயும் அதேதான்."

எல்லாவற்றிலும் அதேதான். கையேட்டுக்காரர் பெட்டியைப் பார்த்து எழுதியிருப்பார். மலர்க்காரர் கையேட்டைப் பார்த்து எழுதியிருப்பார். அவர் அரை நிமிடத்தில் கட்டிய பொய் ஊரெல்லாம் சுற்றி, நாலு இடத்தில் சாட்சி சேர்த்துக்கொண்டு, அவர் வாசலிலேயே வந்து நின்றது.

"அது பொய் சார்" என்றார்.

"என்னது?"

"ஆபரேட்டர் தூங்கல. அவர்தான் கதவை உடைச்சுக் காப்பாத்தினவர்."

"அப்ப தூங்கினார்னு யார் சொன்னது?"

"நான்தான்."

"உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல சார். ஒரு வரி குறைஞ்சது. போட்டுட்டேன்."

செயலாளர், மரியாதை குறையாமல்தான், "கல்வெட்டுறவரை அந்த வரியைச் செதுக்கி எடுக்கச் சொல்றேன். தழும்பு தெரியும். தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இவருக்கு.

ஆசிரியர் திட்டினார். அதில் ஒரு ஆறுதல். திட்டி முடித்ததும், பத்திரிகைக்காரர் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. "ரெண்டாம் பக்கம், கடைசியில, சின்னதா ஒரு திருத்தம் போட்டுடலாம். தகவல் பிழைக்கு வருந்துகிறோம். என்ன தகவல்னு சொல்ல வேண்டாம். அரைப் பக்கத்துக்கு வேற ஏதாவது எழுதுங்க."

"இல்ல சார். அதே பெட்டியில, அதே நாள்ல, எட்டு வரியும் இதுதான் வரணும். தகவல் பிழை இல்ல இது. பொய்."

"பத்திரிகை பேர் என்னய்யா ஆகும்?"

"என் பேரைப் போட்டுடுங்க."

ஆசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டியில் தன் பெயர் வரவேண்டும் என்று இதே மனிதர் ஐந்தாறு முறை வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றது அவருக்கு நினைவிருக்கும். "சரி, போங்க. இதுக்கு மேல இந்தப் பெட்டி உங்ககிட்ட இருக்குமா இருக்காதான்னு நான் யோசிக்கணும்" என்றார்.

வீட்டில் மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னார். ஆபரேட்டரின் பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுவந்த கேள்வியை மட்டும் சொல்லவில்லை. அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"நான் அதை வருஷா வருஷம் ஏழாம் கிளாஸ்ல சொல்லியிருக்கேன்" என்றாள். "வேலை நேரத்துல தூங்கினா என்ன ஆகும் பாருங்கன்னு. உங்க பெட்டியைக் கத்தரிச்சுக்கூட ஒட்டி வெச்சேன், என் வீட்டுக்காரர் எழுதினதுன்னு பெருமையா." அவர் முகத்தைப் பார்த்தவள் அதற்குமேல் கேட்டுவிட்டாள். "அந்த ஆபரேட்டர் வீட்டுப் பிள்ளைங்க யாராவது என் கிளாஸ்ல இருந்தாங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எழுந்து உள்ளே போனாள். விடைத்தாள்கள் அப்படியே கிடந்தன. அன்றைக்கு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை, மறுநாளும் பேசிக்கொள்ளவில்லை.

நினைவு நாள் காலையில் அவர் ஆறு மணிக்கே பேப்பரை வாங்கிவிட்டார். பெட்டிக்குக் கீழே அவர் பெயர் இருந்தது. இத்தனை வருடம் அதற்காக ஏங்கியவருக்கு இப்போது பார்க்கக் கூசியது. மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நூலகர் சொன்ன விலாசத்துக்குப் போனார். நாலு மணிக்குக் கல் திறப்பு. அதற்கு முன்னால் ஆபரேட்டர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தார். தெருமுனை வரை வந்துவிட்டு இரண்டு முறை திரும்பிப் போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கதவைத் திறந்த நூலகர், "வாங்க சார்" என்றாள், நூலகத்தில் சொல்வதுபோலவே. முன்னறையில் நாற்காலியில் முதியவர் உட்கார்ந்திருந்தார். துவைத்த வெள்ளைச் சட்டை, முழுக்கை. கை நுனியில் வெளியே தெரிந்த விரல்கள் பளபளவென்று, ரேகையே இல்லாமல், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல இருந்தன.

"அப்பா, பேப்பர்ல பெட்டி எழுதுறவர் வந்திருக்கார்."

"உக்காருங்க தம்பி" என்றார். ஐம்பத்தெட்டு வயதில் தம்பி என்று கூப்பிடக் கேட்டுக் காலண்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. பேப்பரை அவளிடம் நீட்டினார். அவள் மூன்றாம் பக்கத்தைப் பிரித்து, தினமும் படிக்கிற குரலில் படித்தாள்.

"நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் மதியக் காட்சியின்போது தியேட்டரில் தீப்பிடித்துப் பத்தொன்பது பேர் இறந்தார்கள். தீ திரைக்குப் பின்னால் மெயின் பெட்டியில் பிடித்தது. அதை முதலில் பார்த்தவர் ஆபரேட்டர். படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, ஓடிவந்து, மேனேஜர் பூட்டி வைத்திருந்த பக்கவாட்டுக் கதவை உடைத்தார். அந்தக் கதவு வழியாகச் சுமார் முந்நூறு பேர் தப்பினார்கள். அவர் தூங்கவில்லை. தூங்கினார் என்று இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தப் பெட்டியில் வந்தது பொய்."

ஏழாவது வரி முடிந்ததும் பழக்கதோஷத்தில் அவள் நின்றாள்.

"படிம்மா" என்றார் முதியவர்.

"அதை எழுதியவன் நான்."

முதியவர் விரல்களைத் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டு, மங்கிய கண்ணால் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. காலண்டர் கைகட்டி நின்றார். ஒரு வசவு வந்தால் வாங்கிக்கொள்ளலாம், ஒரு அடி வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்.

"முந்நூறுன்னு போட்டிருக்கே" என்றார் முதியவர். "யார் தம்பி எண்ணினது?"

"விசாரணையில இருந்தது ஐயா. அந்த வருஷத்துப் பேப்பர்லயே இருக்கு. நானே பார்த்தேன்." இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது.

"பார்த்துப் போட்டிருக்கீங்க. சரி." முதியவர் தலையை ஆட்டினார். பிறகு, கோபமே இல்லாமல், சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார். "மத்த நாளெல்லாம்? நான் தினமும் கேக்கறேனே. அதெல்லாம் இப்படிப் பார்த்துப் போட்டதுதானே?"

காலண்டருக்கு டிராயர் நினைவுக்கு வந்தது. அத்தனை அட்டைகள். கல் திறப்புக்குப் போக வேண்டுமென்று நாளைக்கான அட்டையையும் நேற்று மாலையே கொடுத்துவிட்டு வந்திருந்தார்: பழைய இரும்புப் பாலம் சரிந்த நாள். அதில் எட்டாவது வரி, 'பொறுப்பான பொறியாளர் அன்றிரவே ஊரைவிட்டு ஓடிப்போனார்.' அந்தப் பொறியாளரை எங்கே படித்தோம்? யோசித்தார். எவ்வளவு யோசித்தும் லேஅவுட்காரர் தலைமேல் நின்று குதித்ததுதான் ஞாபகம் வந்தது.

"தெரியல ஐயா" என்றார்.

முதியவர் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு வருத்தம் தெரிந்தது. தனக்காக இல்லை. தினமும் காலையில் நம்பிக் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிற வருத்தம் அது. மகள் பேப்பரை மடித்தாள்.

"நூலகம் பத்து மணிக்குத் திறப்பேன் சார்" என்றாள்.

தெருவுக்கு வந்ததும் அவர் லேஅவுட்காரருக்குப் போன் போட்டார். தூக்கக் குரலில் எடுத்தவரிடம் நாளைய பெட்டியின் மேல் பாதியை எடுத்துவிடச் சொன்னார்.

"எடுத்துட்டு எட்டு வரிக்கு என்ன சார் போடறது?"

"ஒண்ணும் போடாதீங்க. வெள்ளையா விடுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தைக் கேட்காமல் போனை வைத்தார். அப்போது மணி ஏழரைகூட ஆகவில்லை. நூலகத்துக்குப் போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்துகொண்டார்.